முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் ரேடியாலஜி பிரிவை ஏற்று நடத்துவது எப்படி: பெங்களூரிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் ஒரு மருத்துவமனையின் ரேடியாலஜி பிரிவுக்கு ஒன்பது வருடம் தலைவராக இருந்தேன். அங்கே வருபவர்களில் பெரும்பாலானோர் ஓய்வுபெற்ற படைவீரர்கள், அவர்களுடைய மனைவிமார், கணவரை இழந்தவர்கள். அல்சூர், மர்பி டவுன், ஜீவனஹள்ளி, லிங்கராஜபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. காரணம் எளிது. மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பின் மையம் அல்சூர் ஏரிக்கரையில்தான் இருக்கிறது. ராணுவம் முழுக்க ‘தம்பி’ என்று அழைக்கப்படும் மெட்ராஸ் சாப்பர்களில் (ராணுவப் பொறியாளர் படையினர்) பலர் பென்ஷன் வாங்கிய பிறகு ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே வீடு கட்டிக்கொண்டார்கள்.

நான் பொறுப்பேற்ற மூன்றாவது வாரம் எழுபது வயது தாண்டிய ஒரு நாயிப் சுபேதார் எக்ஸ்-ரே வரிசையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தடியூன்றி, தானே நடந்து வந்தவர். ‘வலிக்குதாங்க?’ என்று நர்ஸ் கேட்டதற்கு, ‘பரவாயில்லம்மா’ என்று சொல்லியிருக்கிறார். படத்தைப் பார்த்தால் தொடை எலும்பின் கழுத்து உடைந்து, ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்கிறது. அதனால்தான் அவரால் நடக்க முடிந்திருக்கிறது. முந்தின நாள் இரவே விழுந்தவர், காலை ஓபிடி திறக்கட்டும் என்று காத்திருந்தாராம்.

இந்த வழிகாட்டியில் நான் சொல்வதெல்லாம் அந்த இரண்டு மணி நேரத்திலிருந்து வந்ததுதான். முப்பது வருடம் ‘டீக் ஹை சாப்’ (சரிங்க ஐயா) என்றே சொல்லிப் பழகியவர் உங்களிடம் வந்து முறையிட மாட்டார். ஆகவே, அவர் முறையிடாமலே அவருடைய தேவை உங்களுக்குத் தெரிகிற மாதிரி பிரிவை அமைக்க வேண்டும். இப்போது ரேடியாலஜி எம்டி முடித்து நாலைந்து வருட அனுபவத்தோடு இப்படியொரு பிரிவைக் கையில் எடுக்கப்போகும் மருத்துவரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதல் படி: உங்கள் அறைக்குப் போவதற்கு முன் வரிசையில் உட்காருங்கள்

முதல் இரண்டு வாரம் தினமும் காலை ஒரு மணி நேரம் வெள்ளைக் கோட்டு இல்லாமல் காத்திருப்போர் கூடத்தில் உட்காருங்கள். யார் எங்கிருந்து வருகிறார்கள், எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினார்கள், வெறும் வயிற்றில் இருப்பவர் யார், சர்க்கரைக்கு மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருப்பவர் யார் என்பதைக் கவனியுங்கள். எங்கள் கூடத்தில் ஓசூர், கிருஷ்ணகிரி, கோலார் தங்கவயலில் இருந்து வருபவர்கள் உண்டு. ஜோலார்பேட்டையில் விடியற்காலை ரயில் பிடித்து வருபவரை அல்ட்ராசவுண்டுக்கு ஒரு நாள், சிடிக்கு ஒரு நாள் என்று அலைக்கழித்தால் இரண்டாவது தடவை வர மாட்டார். புகாரும் சொல்ல மாட்டார். வெளியூர்க்காரருக்கு எல்லா ஸ்கேனையும் ஒரே நாளில் முடிக்கும் ‘ஒரு நாள் அட்டவணை’தான் நான் செய்த முதல் மாற்றம். வெறும் வயிறு தேவைப்படும் வயிற்று அல்ட்ராசவுண்டு முதலில், அதிலும் சர்க்கரை நோயாளிகள் முன்னால். அப்புறம் டிபன். அதன் பிறகு எம்ஆர்ஐ, எக்ஸ்-ரே.

வரிசையில் உட்கார்ந்தால் தெரியும் இன்னொரு விஷயம் பதவி. ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் உள்ளே வந்தால் ஹவில்தாராக இருந்தவர் தானாக எழுந்து இடம் விடுவார். அந்த மரியாதை அவர்களுக்குள் இருக்கும் உறவு. அதில் நாம் தலையிட வேண்டியதில்லை. ஆனால் ஸ்கேன் வரிசை மருத்துவ அவசரத்தின்படிதான் நகர வேண்டும். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று டோக்கனுக்கு நிறம் கொடுத்தோம். நிறத்தை முடிவு செய்வது வரவேற்பு மேசையில் இருக்கும் நர்ஸ். அவருக்கு ஒரு சிறு கட்டளைத் தாள் கொடுத்தோம்: விழுந்தவர், மூச்சு வாங்குபவர், ஒரு பக்கம் தளர்ந்தவர், திடீர்த் தலைவலிக்காரர், 75 வயது தாண்டியவர். இவர்களை ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்டு எடைபோடக் கூடாது. எழுந்து நான்கு அடி நடக்கச் சொல்லி, முகத்தைப் பார்க்க வேண்டும். மூத்த அதிகாரிகள் யாரும் இதற்குக் குறை சொல்லவில்லை. விளக்கிச் சொன்னபோது அவர்களே ஆதரித்தார்கள்.

இரண்டாம் படி: காகிதங்களைச் சரிபார்ப்பது

இது அலுப்பான வேலைதான், ஆனால் முதல் மாதத்திலேயே முடித்துவிடுங்கள். எக்ஸ்-ரே, சிடி, மேமோகிராம், சி-ஆர்ம் ஒவ்வொன்றுக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி நடப்பில் இருக்கிறதா, அதன் ஈ-லோரா இணையதளத்தில் உங்கள் மருத்துவமனையின் பதிவில் இயந்திரத்தின் வரிசை எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி யார்? அந்த ஆள் வேலையை விட்டுப் போய் ஆறு மாதம் ஆகியும் பெயர் மட்டும் பதிவில் இருப்பதுண்டு. தரப் பரிசோதனை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை நடக்க வேண்டும். பணியாளர் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் டிஎல்டி பேட்ஜ்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆய்வகத்துக்குப் போய்வர வேண்டும். பணியாளருக்குக் கதிர்வீச்சு வரம்பு ஐந்து ஆண்டுச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பேட்ஜ் ஈய ஏப்ரனுக்கு அடியில், மார்பில் இருக்க வேண்டும். ஏப்ரனை மடித்து வைத்தால் உள்ளே ஈயம் விரிசல் விடும். மாட்டி வைக்க ஸ்டாண்ட் வாங்குங்கள். வருடம் ஒருமுறை ஃப்ளூரோஸ்கோப்பியில் வைத்து விரிசல் பாருங்கள்.

அல்ட்ராசவுண்டுக்கு, கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டின் பிசிபிஎன்டிடி சட்டம். படைவீரர் மருத்துவமனையில் கர்ப்பிணிகள் குறைவுதானே என்று அசட்டையாக இருக்காதீர்கள். வருபவர் ஒரே ஒரு கர்ப்பிணியானாலும் எஃப் படிவம் முழுதாக நிரம்ப வேண்டும். மாத அறிக்கை அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் போக வேண்டும். கருவின் பாலினம் தெரிவிக்கப்படாது என்ற பலகை ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் தெரிய வேண்டும். பதிவு ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும். ஒரு இயந்திரத்தை மாடி மாற்றுவதாக இருந்தாலும் முன்கூட்டியே தெரிவித்துவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்தது இசிஎச்எஸ், அதாவது முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம். 2003 ஏப்ரல் 1-இல் தொடங்கிய இந்தப் பங்களிப்புத் திட்டம்தான் உங்கள் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு வழி. திட்டத்தின் சொந்த மருத்துவ மையமான பாலிகிளினிக் எழுதித் தரும் ரெஃபரலில் எந்த ஸ்கேன் இருக்கிறதோ அதற்குத்தான் பணம் வரும். முதுகுக்கு எம்ஆர்ஐ என்று எழுதியிருக்க, உலோகம் இருப்பதால் நீங்கள் சிடி எடுத்தால் மருத்துவ ரீதியில் சரி, பில்லில் சிக்கல். அதற்காக நோயாளியைத் திருப்பி அனுப்பாதீர்கள். உங்கள் பகுதிப் பாலிகிளினிக்குகளின் மருத்துவ அதிகாரிகளோடு நேரடித் தொலைபேசிப் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ரெஃபரலை அன்றே மாற்றி வாங்கலாம். இந்த ஒரு பழக்கத்தால் எத்தனையோ முதியவர்களின் அலைச்சல் மிச்சமானது.

மூன்றாம் படி: உலோகக் கேள்வியைத் திருத்துங்கள்

வேறெதைத் தள்ளிப் போட்டாலும் இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

எம்ஆர்ஐ இயந்திரம் பெரிய காந்தம், உடம்புக்குள் இருக்கும் இரும்பையும் இழுக்கும். அதனால் எல்லா எம்ஆர்ஐ மையங்களிலும் ஒரு படிவம் இருக்கும். ஆபரேஷன் நடந்ததா? பேஸ்மேக்கர் உண்டா? உடம்பில் உலோகம் பொருத்தப்பட்டிருக்கிறதா? எங்களிடமும் அதுதான் இருந்தது. ஒரு நாள் கழுத்து எம்ஆர்ஐக்கு வந்த ஹவில்தார் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று கையெழுத்துப் போட்டார். கவுன் மாற்றும்போது உதவியாளர் பையன் ஒருவன் அவருடைய தோளிலும் கழுத்தோரத்திலும் நீலம் பாய்ந்த சின்னச் சின்னப் புள்ளிகளைப் பார்த்து, டெக்னாலஜிஸ்டிடம் வந்து சொன்னான். நிறுத்தி எக்ஸ்-ரே எடுத்தோம். தோளில் மூன்று, கழுத்தில் பெரிய ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் ஒன்று. இரும்புச் சில்லுகள்.

‘ஏன் சார் சொல்லல?’ என்று கேட்டேன். ‘ஆபரேஷன் பண்ணலியே சார். 88-ல யாழ்ப்பாணத்துல பட்டது. எடுக்க வேண்டாம், தன்னால ஆறிடும்னு டாக்டர் சொன்னார். ஆறிடுச்சு’ என்றார். அமைதிப்படையில் போனவர். அவர் பொய் சொல்லவில்லை. படிவம் கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைத்தான் சொன்னார். தப்பு எங்கள் படிவத்தில். அவருக்குச் சிடி எடுத்து முடித்தோம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் படிவத்தைக் கிழித்துப் புதிதாக எழுதினோம்.

புதிய படிவத்தில் கேள்விகள் அவர்கள் பேசும் மொழியில் இருந்தன. சண்டையிலோ, பயிற்சியிலோ, ஃபயரிங் ரேஞ்சிலோ காயம் பட்டதுண்டா? ஸ்ப்ளிண்டர், தோட்டா, மைன் துகள் ஏதாவது உள்ளேயே விடப்பட்டதா? ‘எடுக்க வேண்டாம்’ என்று எந்த டாக்டராவது சொன்னாரா? வொர்க்‌ஷாப்பில் வெல்டிங், கிரைண்டிங் பார்த்தீர்களா, கண்ணில் இரும்புத் தூசி விழுந்ததா? டிஸ்சார்ஜ் புக்கில் காயம் எதுவும் எழுதியிருக்கிறதா? ‘ஸ்ப்ளிண்டர்’ என்ற சொல் மிக முக்கியம். ‘உலோகப் பொருள்’ என்றால் பிளேட், ஸ்க்ரூ என்றுதான் நினைப்பார்கள். ஸ்ப்ளிண்டர் என்றால் உடனே சட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள்.

படிவத்தை நிரப்பச் சொல்லிக் கையில் கொடுக்கக் கூடாது. ஒருவர் வாயால் கேட்டு எழுத வேண்டும், இரண்டு தடவை. நேரம் குறிக்கும்போது தொலைபேசியில் ஒன்று, எம்ஆர்ஐ வாசலில் வேறொருவர் ஒன்று. பதில் ‘ஆம்’ அல்லது ‘தெரியாது’ என்றால் அந்தப் பகுதிக்கு எக்ஸ்-ரே. கண்ணில் இரும்புத் துகள் பட்ட வரலாறு இருந்தால் கண்குழிக்கு எக்ஸ்-ரே.

துகள் தெரிந்த பிறகு முடிவு உங்களுடையது. அதை டெக்னாலஜிஸ்டின் தலையில் கட்டாதீர்கள். ஈயமும் செம்பும் காந்தத்துக்கு இழுபடாது. ஆனால் குண்டுகளில் இரும்பு மையம் வைத்தவை உண்டு. கையெறி குண்டு, மோர்ட்டார், கண்ணிவெடிச் சில்லுகள் பெரும்பாலும் இரும்பு. எக்ஸ்-ரேயில் இரண்டும் வெள்ளையாகத்தான் தெரியும். ஆகவே எங்கே இருக்கிறது என்பதே முதல் கேள்வி. கண், தண்டுவடம், மூளை, பெரிய ரத்தக்குழாய் இவற்றுக்கு அருகில் என்றால் எம்ஆர்ஐ வேண்டாம், வேறு வழி பாருங்கள். தொடைத் தசைக்குள் முப்பது வருடமாகத் தழும்புக்குள் புதைந்து கிடக்கும் துகள் என்றால், எம்ஆர்ஐயால் கிடைக்கும் பயனை எடைபோட்டு, நோயாளிக்கு விளக்கி, சம்மதம் வாங்கி, 1.5 டெஸ்லா காந்த வலிமையுள்ள இயந்திரத்தில், அவரோடு பேசிக்கொண்டே எடுக்கலாம். என்ன யோசித்து முடிவெடுத்தீர்கள் என்பதைக் கோப்பில் இரண்டு வரி எழுதி வையுங்கள். அடுத்த தடவை வேறொரு டாக்டர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

ஸ்ப்ளிண்டர் போக, உடம்பின் மேல் இருப்பவை. சீக்கியர் கையில் போடும் ‘கடா’ வளையம் இரும்பு. அதைக் கழற்றச் சொல்வது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்து, தனியாக அழைத்து, மரியாதையோடு பேச வேண்டும். நம்மவர்களுக்கு அரைஞாண் கயிறு, அதில் கோத்த தாயத்து. வேட்டிக்கு அடியில் இருப்பது யாருக்கும் தெரியாது, அவருக்கே நினைவிருக்காது. பெண்களுக்குத் தாலிச் சரட்டில் மாட்டிய ஊக்கு, மெட்டி, கொண்டை ஊசி. செயற்கைக் கால் வைத்திருப்பவரை வராந்தாவில் எல்லார் முன்னாலும் கழற்றச் சொல்லாதீர்கள். கதவு உள்ள ஓர் அறை, அங்கே இரும்பில்லாத சக்கர நாற்காலி, இரண்டும் கட்டாயம். இந்த இரண்டுக்காக நான் நிர்வாகத்தோடு நான்கு மாதம் வாதாடினேன்.

நான்காம் படி: எம்ஆர்ஐ அறையும் அதற்குள் இருக்கும் பயமும்

அந்தக் காந்தம் இரவிலும் விடுமுறையிலும் மின்சாரம் போனாலும் வேலை செய்துகொண்டே இருக்கும். 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு மருத்துவமனையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்ஆர்ஐ அறைக்குள் போன ஓர் உறவினர் இயந்திரத்துக்குள் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். முதிய நோயாளிகள் உள்ள மருத்துவமனையில் ஆக்சிஜன் சிலிண்டர் வராத நாளே கிடையாது. வாசலுக்கு முன்னால் ஒரு கோடு, அந்தக் கோட்டிலேயே வார்டு ட்ராலியும் சிலிண்டரும் நின்றுவிட வேண்டும். உள்ளே போவது எம்ஆர்ஐக்கென்றே உள்ள ட்ராலியும் அலுமினிய சிலிண்டரும் மட்டும். வார்டு பாய்கள், துப்புரவுப் பணியாளர்கள், செக்யூரிட்டி, எல்லாருக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அவரவர் மொழியில் பயிற்சி. இரவுப் பணிக்காரர்கள் விட்டுப் போகாமல் பாருங்கள்.

அடுத்து பயம். எம்ஆர்ஐயின் ‘தட தட’ சத்தம் சிலருக்கு மெஷின்கன் போலவே கேட்கும். குறுகிய குழாய், முகத்துக்கு மேல் கூண்டு மாதிரி ‘காயில்’ என்ற சாதனம், கை கால் அசையக் கூடாது. கார்கில் போன்ற இடத்தில் இருந்துவிட்டு வந்தவர் இருபது வருடம் கழித்தும் இங்கே உடைந்து போகலாம். நான் பார்த்திருக்கிறேன். அவர் வெட்கப்படுவார், ஆகையால் முன்கூட்டிச் சொல்ல மாட்டார். ‘உங்களுக்குப் பயமா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்பதுதான் பதில். ‘ராத்திரி நல்லாத் தூக்கம் வருதாங்களா? சின்ன ரூம்ல, லிஃப்ட்ல சங்கடமா இருக்குமா?’ என்று கேட்டால் மனைவி பதில் சொல்வார். மனைவியைக் கேளுங்கள்.

சத்தத்தை முதலில் வெளியே உட்காரவைத்து ஒரு பதிவிலிருந்து கேட்க விடுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் ‘அடுத்தது நாலு நிமிஷம், கொஞ்சம் பெரிய சத்தம்’ என்று சொல்லுங்கள். கையில் பந்து கொடுத்து, அமுக்கினால் நிஜமாகவே உடனே வெளியே எடுத்து ஒரு தடவை காட்டுங்கள். அதற்கப்புறம் பெரும்பாலோர் அமுக்குவதில்லை. கால் முதலில் உள்ளே போகும்படி எடுக்க முடிந்தால் எடுங்கள். உலோகம் எதுவும் இல்லையென்று பரிசோதித்த பிறகு மனைவியை அறைக்குள்ளேயே உட்கார வைக்கலாம். பின்னாலிருந்து வந்து தொடக் கூடாது. மயக்கம் தருவது கடைசி வழி. தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் முதியவர்கள் இவர்களில் நிறைய.

காது. பீரங்கிப் படை, விமானப்படை, என்ஜினியர்கள், இவர்களில் பலருக்குக் கேட்கும் திறன் போயிருக்கும். காது மெஷினைக் கழற்றி வைத்த பிறகு நீங்கள் பேசுவது எதுவும் கேட்காது. காது கேட்காதவருக்கும் எம்ஆர்ஐயில் காதடைப்பு கட்டாயம். சிடியில் ‘மூச்சை இழுங்க, பிடிங்க’ என்று இயந்திரம் பேசும் மொழி அவருக்குப் புரியாமல் இருந்தால் நுரையீரல் படம் ஆடிப் போகும். சிடியில் சொந்தக் குரலைப் பதிவு செய்யும் வசதி பெரும்பாலும் உண்டு. எங்கள் டெக்னாலஜிஸ்டுகளையே தமிழ், கன்னடம், இந்தி, மலையாளம், தெலுங்கு ஐந்திலும் பதிவு செய்ய வைத்தோம். கேட்காதவர்களுக்குக் கை ஜாடை. மேசையில் படுக்கும் முன் இரண்டு தடவை ஒத்திகை.

ஐந்தாம் படி: கான்ட்ராஸ்ட் ஊசி

சுருக்கமாகச் சொல்கிறேன். படம் தெளிவாகத் தெரிவதற்காகப் போடும் இந்த மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறும். எழுபது வயது மெலிந்த மனிதரின் கிரியாட்டினின் அளவு பார்க்கச் சாதாரணமாக இருக்கும். தசை குறைந்ததால் அப்படி. சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் கணக்குப் போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். 30-க்குக் கீழே என்றால் கான்ட்ராஸ்ட் இல்லாமல் பதில் கிடைக்குமா என்று யோசியுங்கள். தவிர்க்கவே முடியாவிட்டால் சிறுநீரக மருத்துவரிடம் பேசிவிட்டுக் கொடுங்கள். அந்த நிலையில் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துச் சிறுநீரகத்தைப் பரிசோதித்து மீண்டும் தொடங்கலாம். ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார வையுங்கள். ‘நல்லா இருக்கேன்’ என்ற சொல்லை மட்டும் நம்பி அனுப்பாதீர்கள். கழுத்தையும் மார்பையும் பார்த்துத் தடிப்பு இல்லையென்று உறுதி செய்யச் சொல்லுங்கள். கடுமையான ஒவ்வாமை வந்தால் அட்ரினலின் எடுத்துப் போட வேண்டிய அளவு, அதாவது பெரியவருக்குத் தொடைத் தசையில் 0.5 மில்லிகிராம், சுவரில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். மாதம் ஒரு ஒத்திகை.

ஆறாம் படி: ரிப்போர்ட்

நேரத்தை அளவிடுங்கள், ஆனால் சரியான இடத்திலிருந்து அளவிடுங்கள். ஸ்கேன் முடிந்ததிலிருந்து ரிப்போர்ட் வரை எல்லாரும் கணக்கு வைக்கிறார்கள். நோயாளி அனுபவிக்கும் நேரம் பாலிகிளினிக் டாக்டர் ரெஃபரல் எழுதிய நாளிலிருந்து, பதில் அதே டாக்டரின் கைக்குப் போன நாள் வரை. அந்தக் கணக்கைத் தொடங்கியபோது எங்கள் தாமதம் ரிப்போர்ட் எழுதுவதில் இல்லை, நேரம் குறிப்பதில்தான் இருக்கிறது என்று தெரிந்தது.

மூளையில் ரத்தக் கசிவு, நுரையீரலைச் சுற்றிக் காற்று, நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு, பெருந்தமனிக் கிழிசல், வயிற்றுக்குள் காற்று. இந்த மாதிரி முடிவுகளை எழுதிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. போன் செய்து, யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னோம் என்று ரிப்போர்ட்டிலேயே எழுத வேண்டும். கேட்டவர் திரும்பச் சொல்ல வேண்டும். எதிர்பாராமல் கண்ணில் பட்டவையும் இதே மாதிரிதான். முதுகுக்கு எடுத்த எம்ஆர்ஐயில் சிறுநீரகத்தில் கட்டி தெரிந்தால், எலும்பு டாக்டர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார். அதற்கென்று தனிப் பட்டியல் வைத்து ஒரு நர்ஸ் மாதாமாதம் தொடர்ந்து பார்க்கட்டும்.

ரிப்போர்ட்டில் சொற்கள். இந்த மருத்துவமனையில் உங்கள் வரிகள் மருத்துவப் போர்டுக்கும், ஊனமுற்றோர் பென்ஷன் கோரிக்கைக்கும் போகலாம். ‘வயதால் வந்த தேய்மானம்’ என்று பழக்கத்தில் எழுதிவிடுவோம். பாராசூட்டில் குதித்து முழங்கால் போனவருக்கும், பனியில் முப்பது கிலோ சுமந்தவருக்கும் அந்த ஒரு சொல் என்ன செய்யும் என்று யோசியுங்கள். காரணத்தை நாம் தீர்மானிக்க முடியாது. எந்த மூட்டு, எவ்வளவு இடைவெளி, பழைய முறிவின் அடையாளம் உண்டா, எத்தனை மில்லிமீட்டர் என்று கண்டதை அளந்து எழுதுங்கள். காரணத்தைப் போர்டு பார்த்துக்கொள்ளும். நோயாளிக்குச் சாதகமாகக் கூட்டியும் எழுதாதீர்கள், அது நாளைக்கு உண்மையான இன்னொருவரின் கோரிக்கையைக் கெடுக்கும்.

மாதம் ஒரு நாள் தவறுகளைப் பேசும் கூட்டம். முதல் கூட்டத்தில் நானே விட்டுவிட்ட ஒரு விலா எலும்புக் கட்டியை முதல் படமாகப் போட்டேன். யார் ரிப்போர்ட் என்ற பெயர் திரையில் வரக் கூடாது, என்னுடையதைத் தவிர. அதற்கு அடுத்த மாதத்திலிருந்து ஜூனியர்கள் தாங்களாகவே படங்களைக் கொண்டுவந்தார்கள்.

இரவு ரிப்போர்ட்டுக்கு வெளி டாக்டர்களை வைத்துக்கொள்வதானால், படங்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன, யார் பார்க்க முடியும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பெயரோடும் படை எண்ணோடும் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள்.

ஏழாம் படி: ஆட்கள்

எங்கள் டெக்னாலஜிஸ்டுகளில் பாதிப் பேர் ராணுவ மருத்துவப் பிரிவிலிருந்து ஓய்வுபெற்ற ரேடியோகிராபர்கள். ஒழுங்கும் உழைப்பும் அவர்கள் ரத்தத்தில் உண்டு. ஒரு சிக்கலும் உண்டு: மேலே இருப்பவர் சொன்னால் மறுத்துப் பேச மாட்டார்கள். டாக்டர் அவசரத்தில் ‘போடு உள்ளே’ என்றால் போட்டுவிடுவார்கள். அதனால் எம்ஆர்ஐ வாசலில் ‘வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம் டெக்னாலஜிஸ்டுக்குத்தான், துறைத் தலைவராலும் அதை மீற முடியாது என்று எழுத்தில் கொடுத்தேன். கவுன் மாற்றும்போது புள்ளிகளைக் கண்ட அந்தப் பையனை எல்லார் முன்னாலும் கூப்பிட்டு நன்றி சொன்னோம். அவன் பிறகு ரேடியோகிராபி படிப்பில் சேர்ந்தான்.

ரேடியாலஜிஸ்டுகளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை சிடி, எத்தனை எம்ஆர்ஐ என்று உச்ச வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். களைத்த கண் தப்பு செய்யும். இரவுப் பணி முடித்தவரை மறுநாள் காலை மேமோகிராம் படிக்க விடாதீர்கள்.

எட்டாம் படி: இயந்திரமும் பராமரிப்பும்

வாங்கும் விலையை மட்டும் பார்க்கும் குழுவில் நீங்கள்தான் பத்து வருடச் செலவைப் பேச வேண்டும். முழுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் சிடி ட்யூப் சேர்ந்திருக்கிறதா, எம்ஆர்ஐ காந்தத்தைக் குளிர்விக்கும் ஹீலியம், சில்லர் (குளிரூட்டும் இயந்திரம்), யுபிஎஸ் பேட்டரி யார் பொறுப்பு என்று வரி வரியாகப் படியுங்கள். ‘95 சதவீத இயக்கம்’ என்பது கேட்க நன்றாக இருக்கும். கணக்குப் போட்டால் வருடத்தில் 18 நாள் இயந்திரம் படுத்திருக்கலாம் என்று நீங்கள் சம்மதித்திருக்கிறீர்கள். தினமும் காலை சில்லர் வெப்பநிலை, ஹீலியம் அளவு, சிடியில் தண்ணீர் ஃபாண்டத்தின் (தண்ணீர் நிரப்பிய சோதனை உருளை) அளவு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வருகிறதா என்று ஒரு நோட்டில் எழுத வையுங்கள். நோட்டை வாரம் ஒரு தடவை நீங்களே பாருங்கள்.

ஒன்பதாம் படி: கேட்காமலே தேட வேண்டியவை

புகைத்த, 65 முதல் 75 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு வயிற்றுப் பெருந்தமனியை ஒரு தடவையாவது அல்ட்ராசவுண்டில் பார்க்க வேண்டும். மூன்று சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் வீக்கம். வேறு காரணத்துக்கு வயிற்று ஸ்கேன் வரும்போதே அளந்துவிடலாம், இரண்டு நிமிடம் கூட ஆகாது. எங்கள் ரிப்போர்ட் மாதிரியிலேயே அந்த வரியைச் சேர்த்துவிட்டோம். கப்பல் என்ஜின் அறையில் வேலை பார்த்த கடற்படைக்காரருக்கு ஆஸ்பெஸ்டாஸ் தழும்பு இருக்கலாம். இருபது, முப்பது வருடம் கழித்துத்தான் தெரியும். சியாச்சின் மாதிரி உயரத்தில் இருந்தவரிடம் ரத்தக்கட்டு, பனிக்கடி பற்றிக் கேளுங்கள். இதற்கெல்லாம் ஒரு கேள்வி போதும்: ‘எந்தப் படை, என்ன வேலை, எங்கெங்கே இருந்தீங்க?’ ரெஃபரல் சீட்டில் இதற்கு இடமில்லை என்பதால் நாங்கள் வரவேற்பு மேசையில் கேட்டு, படத்தோடு சேர்த்து வைத்தோம்.

மனைவிமாரையும் கணவரை இழந்தவர்களையும் மறக்க வேண்டாம். கணவருக்குத் துணையாகவே பத்து வருடம் மருத்துவமனைக்கு வந்து, தனக்கென ஒரு மேமோகிராம் கூட எடுக்காத பெண்கள் ஏராளம். அவர் எம்ஆர்ஐயில் இருக்கும் நாற்பது நிமிடத்தில் இவரிடம் பேசி, பாலிகிளினிக்கில் தனக்கு ரெஃபரல் கேட்கும்படி சொல்லி அனுப்பலாம்.

பத்தாம் படி: ட்ரங்குப் பெட்டி

நம் ஊரில் நுரையீரலில் ஒரு சிறு உருண்டை தெரிந்தால் அது புற்றுநோயாகவும் இருக்கலாம், என்றோ வந்து போன காசநோயின் தழும்பாகவும் இருக்கலாம். வேறுபடுத்த மிகச் சிறந்த கருவி பழைய படம். கெட்டியான உருண்டை இரண்டு வருடமாக வளரவில்லை என்றால் பெரும்பாலும் அது கெட்டதாக இருக்காது. படைவீரர்களிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒரு சொத்து உண்டு. பெயரும் நம்பரும் பெயின்ட்டில் எழுதிய கறுப்பு ட்ரங்குப் பெட்டி, அதற்குள் டிஸ்சார்ஜ் புக், பழைய எக்ஸ்-ரே ஃபிலிம்கள். நேரம் குறிக்கப் போன் செய்யும்போதே ‘பெட்டியில பழைய படம் எதுவா இருந்தாலும் எடுத்துட்டு வாங்க’ என்று சொல்லச் சொல்லுங்கள்.

லிங்கராஜபுரத்துக்காரர் ஒருவருக்கு வலது மேல் நுரையீரலில் ஒன்றரை சென்டிமீட்டர் நிழல். பயாப்ஸிக்குத் தேதி குறித்தாயிற்று. மகள் பெட்டியைத் திறந்து ஃபிலிம் ஒன்றைப் பழுப்பு உறையோடு கொண்டுவந்தார். பென்ஷனுக்கு முந்திய வருடம் எடுத்தது, மூலையில் தேதி 1996. விளக்குப் பெட்டியில் மாட்டினோம். அதே இடத்தில் அதே நிழல், அதே அளவு. பயாப்ஸியை ரத்து செய்து, உறுதிக்காக ஆறு மாதம் கழித்து ஒரு சிடிக்கு மட்டும் நேரம் குறித்தோம்.

ஃபிலிம் டிஜிட்டைசர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் விளக்குப் பெட்டியில் வைத்து நல்ல கேமராவில் நேராகப் படம் பிடித்து, நோயாளியின் எண்ணோடு மருத்துவமனையின் படச் சேமிப்பு அமைப்பான பேக்ஸில் ஏற்றுங்கள். ஃபிலிமின் மூலையில் உள்ள பெயரும் தேதியும் படத்தில் தெரிய வேண்டும். ஏற்றியானதும் ஃபிலிமை அதே பழுப்பு உறையில் போட்டு, அன்றே அவர் கையில் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.